பெட்டியில் ஃபிப்ஸ் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது

அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வைஃபை போட வேண்டும் என்றால் முதலில் கேட்கப்படுவது ஃபிப்ஸ் 140 சான்று. காற்றில் போகும் தரவைப் பூட்டுகிற குறியாக்கப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று அந்நாட்டின் தர நிறுவனமான நிஸ்ட் வகுத்த விதி இது. மத்திய அரசுத் துறைகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். அவர்களிடம் ஒப்பந்த வேலை எடுத்து, ரகசிய முத்திரை இல்லாவிட்டாலும் பொத்திக் காக்க வேண்டிய அரசுத் தகவலைக் கையாளும் தனியார் நிறுவனங்களையும், நிஸ்டின் 800-171 ஆவணத்தில் உள்ள 3.13.11 என்ற விதி வழியாக இது பிடித்துக்கொள்ளும். வீட்டு வைஃபைக்கு இதெல்லாம் தேவையில்லை.

விதி எவ்வளவு கறார் என்றால், சான்று பெறாத குறியாக்கத்தைக் குறியாக்கமாகவே நிஸ்ட் கணக்கில் எடுப்பதில்லை. தரவு திறந்து கிடப்பதாகவே கொள்ளும். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. வெப் என்ற பழைய வைஃபை பூட்டு 2001-லேயே உடைந்துவிட்டது, அதை நம்பி எத்தனையோ அலுவலகங்கள் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது பலர் ஏமாறும் இடத்துக்கு வருவோம். "ஃபிப்ஸுக்கு ஏற்றது" என்று விற்பனைத் தாளில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். "ஃபிப்ஸ் சான்று பெற்றது" என்பது வேறு: அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சோதித்து, நிஸ்டும் கனடாவின் சைபர் பாதுகாப்பு மையமும் சேர்ந்து நடத்தும் திட்டம் எண் போட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். நிஸ்ட் தளத்தில் போட்டால் பக்கம் திறக்கும். அங்கே மூன்று இடத்தைப் பாருங்கள்: சான்று நடப்பில் இருக்கிறதா, எந்தக் கருவி மாடலுக்கு, எந்த மென்பொருள் பதிப்புக்கு. பதிப்பு எண்ணில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கம் மாறினாலும் அது சோதிக்கப்பட்ட பொருள் அல்ல.

அதே பக்கத்தில் பாதுகாப்புக் கொள்கை என்று ஒரு ஆவணம் இருக்கும், தயவுசெய்து அதை முழுக்கப் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட குறியாக்கத்தை மட்டும் பயன்படுத்த வைக்கும் ஃபிப்ஸ் பயன்முறையை எப்படி இயக்குவது என்று அதில்தான் இருக்கிறது, பல கருவிகளில் அது தானாக இயங்காது. இரண்டாம் பாதுகாப்பு நிலைக்கான சான்று என்றால் மூடியைத் திறந்தால் தடம் தெரிகிற ஸ்டிக்கர்களை எந்த இடுக்கில், எத்தனை ஒட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டாத அக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை அலையை அனுப்பும் பெட்டி, சான்று பெற்ற நிலையில் இல்லை. வைஃபையில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையை மட்டும் வைத்துக்கொண்டு, டிகேஐபி போன்ற பழைய முறைகளை அணைத்துவிட வேண்டும். வைஃபையில் நுழைபவர் யார் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரை மறந்துவிடாதீர்கள்: அது எம்டி5 என்ற பழைய கணிப்பு முறையை நம்பியிருக்கிறது, எம்டி5 அங்கீகரிக்கப்பட்டது அல்ல, ஆகவே அந்தப் போக்குவரத்தை டிஎல்எஸ் அல்லது ஐபிசெக் என்ற குறியாக்கச் சுரங்கத்துக்குள் அனுப்புங்கள்.

தேதியும் முக்கியம். ஃபிப்ஸ் 140-இன் 2001-இல் வந்த பதிப்பான 140-2-இன்படி தந்த சான்றுகளுக்கு 2026 செப்டம்பர் 21 வரைதான் ஆயுள், அப்புறம் அவை பழையவை பட்டியலுக்குப் போகும். ஏற்கெனவே ஓடுகிற கருவியை ஆபத்தை எடைபோட்டுத் துறை தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்க அந்தச் சான்று உதவாது. இனி வாங்குவதற்கு அடுத்த பதிப்பான 140-3 சான்றையே கேளுங்கள்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. 2017-இல் வைஃபை பாதுகாப்பில் கிராக் என்ற ஓட்டை வெளிவந்தபோது எல்லோரும் உடனே மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, ஆனால் புதுப்பித்தால் பதிப்பு மாறும், சான்று பொருந்தாது. என்னைக் கேட்டால் ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும். அடைத்த தேதியையும் காரணத்தையும் எழுதி பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள், புதிய பதிப்புக்கு மறுசான்று எப்போது வரும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.