டாமி ஹாஸின் வலது தோள்

"எத்தனை வாரம் ஆகும், டாக்டர்?"

தோள்பட்டை வலியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். போன மாதம் வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிறுதோறும் பேட்மிண்டன் ஆடுகிறவர். நான்கு மாதமாக வலி. களிம்பு தடவினார், ஒத்தடம் கொடுத்தார், தெரிந்த ஒருவரிடம் உருவிவிட்டுக்கொண்டார். இடையில் ஓர் ஊசியும் போட்டுக்கொண்டார். வலி அடங்கியது, அடுத்த ஞாயிறே மட்டையோடு போய்விட்டார். இப்போது பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை. அடுத்த மாதம் அலுவலகப் போட்டி இருக்கிறதாம். அதற்குள் சரியாக வேண்டும்.

அவருக்கு நான் ஒரு ஜெர்மன் டென்னிஸ் வீரரின் கதையைச் சொன்னேன். இயன்முறை மருத்துவத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், தோளைப் பற்றிப் பேச எனக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

டாமி ஹாஸ் 1978இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே அமெரிக்காவின் புளோரிடாவில் நிக் பொலெட்டியேரி நடத்திய டென்னிஸ் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம். 2002 மே மாதத்தில் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். அப்போது வயது 24. அடுத்த மாதமே அவருடைய பெற்றோர் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார்கள். தந்தை கோமாவில் கிடந்தார். ஹாஸ் விம்பிள்டனை விட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் இருந்தார். குடும்பம் மெல்லத் தேறிய நேரத்தில் அவருடைய வலது தோள் கைவிட்டது. ஓர் அறுவை சிகிச்சை. அது போதாமல் இன்னொன்று. 2003ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

டென்னிஸ் தரவரிசை 52 வாரக் கணக்கில் ஓடுவது. இந்த வாரம் சம்பாதித்த புள்ளி அடுத்த ஆண்டு இதே வாரம் கழிந்துவிடும். ஒரு வருடம் ஆடாவிட்டால் பட்டியலில் பெயரே இருக்காது. நீண்ட காலம் காயத்தில் இருந்தவர்களுக்குப் பழைய நிலையை வைத்துச் சில போட்டிகளில் நுழைய ஒரு சலுகை உண்டு. கதவு திறக்கும், அவ்வளவுதான். புள்ளிகளை முதலிலிருந்து சேர்க்க வேண்டும். உலகின் இரண்டாம் நிலை வீரருக்கு நடந்தது இது.

தோள் ஏன் இப்படி மாதக்கணக்கில் பிடித்துக்கொள்கிறது? இடுப்பு மூட்டைப் பாருங்கள்: ஆட்டுக்கல் குழிக்குள் குழவி மாதிரி ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோளிலும் கிண்ணம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோலத்தான் மேற்கை எலும்பின் தலை நிற்கிறது. அதனால்தான் நம்மால் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அந்தப் பழம் உருண்டுவிடாமல் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு சிறிய தசைகளும், அவற்றை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும். ரொட்டேட்டர் கஃப் என்று ஸ்கேன் அறிக்கையில் வருவது இவற்றைத்தான்.

ஒரு தொழில்முறை வீரர் சர்வ் அடிக்கும்போது, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பந்தைத் தலைக்கு மேல் வீசி அடிக்கும்போது, மேற்கை உள்நோக்கித் திரும்பும் வேகம் நொடிக்கு 2,000 டிகிரியைத் தாண்டும். பந்தை அடித்த பிறகு அந்தக் கையை நிறுத்த வேண்டுமே! கையை வீசுவதைவிட, வீசிய கையைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்தத் தசைகளுக்குப் பெரிய பாடு. ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது முறை.

இன்னொரு விஷயம், நோயாளிகள் நம்ப மறுப்பது: சர்வின் வலுவில் ஏறத்தாழ பாதி தோளிலிருந்து வருவதே இல்லை. தரையை உதைக்கும் காலிலும், திரும்பும் இடுப்பிலும், முதுகிலும் பிறந்து தோள் வழியாக மட்டைக்குப் போகிறது. இடுப்பு இறுகிப்போனவருக்கு அந்தப் பாக்கியைத் தோள்தான் வட்டியோடு கட்ட வேண்டும். அதனால் தோள் வலி என்று வருகிறவரை நான் முதலில் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வேன். "தோளைக் காட்ட வந்தால் காலைப் பார்க்கிறீர்களே" என்று பேட்மிண்டன்காரரும் சிரித்தார். நின்றார், நாலாவது நொடியில் சுவரைப் பிடித்தார்.

ஹாஸுக்கு வருவோம். 2004இல் திரும்பினார். ஹூஸ்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பட்டம் வென்று, அந்த ஆண்டின் சிறந்த மறுவருகை வீரர் என்ற விருதும் வாங்கினார். 2007இல் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி வரை போனார். அதே ஆண்டு தோளுக்கு மூன்றாவது அறுவை சிகிச்சை. 2009 பிரெஞ்சு ஓபனில் சுவிஸ் நட்சத்திரம் ரோஜர் பெடரருக்கு எதிராக முதல் இரண்டு செட்களை வென்றார். மூன்றாவதில் 4-3 என முன்னிலை, பெடரர் சர்வ் போடும் கேமையும் பறித்துவிட இன்னும் ஒரு பாயிண்ட் போதும். பெடரர் ஒரே ஒரு ஃபோர்ஹேண்ட் அடியில் தப்பித்தார். பிறகு ஆட்டத்தையும், சில நாள்களில் பட்டத்தையும் வென்றார். எல்லா வீழ்ச்சிக்கும் உடம்பைக் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் ஹாஸ் ஜோகோவிச்சை வென்று விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார்.

2010இல் இடுப்பில் அறுவை சிகிச்சை. முழங்கையிலும் ஒன்று. ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டம் இல்லை. 2012 தொடங்கும்போது தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்தார். அந்த ஜூனில் ஜெர்மனியின் ஹாலே நகரப் புல்தரையில் பெடரரை இறுதிப்போட்டியில் வென்றார், 34 வயதில். மறுவருகை விருது இரண்டாம் முறை. 2013 மார்ச்சில், 35ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்தபோது, மயாமியில் உலகின் முதல்நிலை வீரர் ஜோகோவிச்சை நேர் செட்களில் வீழ்த்தினார். அதே ஆண்டு பாரிஸில் ஜான் இஸ்னரோடு நடந்த ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற வாய்ப்பு பன்னிரண்டு முறை கைநழுவியது. பதின்மூன்றாவதில் முடித்தார்.

2014 பிரெஞ்சு ஓபன் முதல் சுற்றில் தோள் வலியால் பாதியில் விலகினார். நான்காவது தோள் அறுவை சிகிச்சை. 2017இல் ஸ்டுட்கார்ட்டில், 39 வயதில், பெடரரை மறுபடியும் வென்றுவிட்டு, 2018இல் முறைப்படி விடைபெற்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "அவரைப் போல விடாமுயற்சியோடு இருங்கள்" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தினமும் தசையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தவருக்கே நான்கு முறை கத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த மறுவருகைகளில் நான் பார்க்கச் சொல்வது, யாரும் படம் பிடிக்காத மாதங்களை.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தைத்த தசைநாண் எலும்போடு ஒட்டவே ஆறு வாரம்போல் கையைப் பட்டையில் தொங்கவிட வேண்டும். எடை தூக்கும் பயிற்சி சுமார் மூன்று மாதம் கழித்து. தலைக்கு மேல் கை வீசும் ஆட்டத்துக்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். வலியோ இதற்கெல்லாம் வெகு முன்பே போய்விடும். என்னிடம் இரண்டாம் முறை திரும்பி வருகிறவர்களில் பலர், வலி நின்ற வாரத்திலேயே பயிற்சியை நிறுத்தியவர்கள். விளையாட்டு வீரர்கள் மட்டும் இல்லை. மேற்கூரைக்கு வெள்ளையடிக்கும் பெயிண்டர், நாளெல்லாம் கரும்பலகையில் எழுதும் ஆசிரியை, எல்லாரும் இதில் ஒன்றுதான்.

எல்லாத் தோள் வலிக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. பெரும்பாலானவை பயிற்சியிலேயே தணியும். ஆனால் விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலும் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தோள் அப்படியே இறுகிப்போவது அதிகம், முதலிலேயே சொல்லுங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் என்னிடம் வராதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பேட்மிண்டன்காரர் அலுவலகப் போட்டியில் ஆடவில்லை. நடுவர் நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள், அதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் கோபம். எலாஸ்டிக் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கிறார். ஒற்றைக்காலில் இருபது நொடி வந்திருக்கிறது. பர்ஸை இப்போதைக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.