அந்தக் காசு யார் கையிலிருந்து வந்தது?

பிட்காயின் போன்ற கிரிப்டோ (இணைய நாணய) பரிவர்த்தனைகளின் தடம் பார்ப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் பதறிப்போய் வந்தார். இணையதளம் வடிவமைத்துக் கொடுத்ததற்குக் கூலியாகப் பிட்காயின் வாங்கியிருக்கிறார். அதைப் பணமாக்க எக்ஸ்சேஞ்சுக்கு (கிரிப்டோவை வாங்கி விற்கும் நிறுவனம்) அனுப்பியதும் கணக்கை முடக்கிவிட்டார்கள். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டார். தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தோம். மூன்று கை தள்ளி, அந்தக் காசு திருட்டோடு தொடர்புள்ள ஒரு முகவரியிலிருந்து கிளம்பியிருந்தது. முகவரி என்பது கணக்கு எண் மாதிரி.

ரொக்கத்தில் இந்தச் சிக்கலை ஒரு நீதிமன்றம் 1749-லேயே தீர்த்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஹியூ க்ராஃபர்ட் என்பவர் 20 பவுண்டு நோட்டுகளில் கையெழுத்திட்டு, எண்ணையும் குறித்துக்கொண்டு தபாலில் அனுப்பினார். வழியில் தொலைந்துபோயின. ராயல் பேங்கில் அவருடைய நோட்டு தென்பட்டதும் திருப்பிக் கேட்டார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. நேர்மையாக வாங்கியவரிடமிருந்து பிடுங்கலாம் என்றால், எந்த நோட்டையும் நம்பி யாரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

பிட்காயினில் நடைமுறையில் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். 2009 முதல் நடந்த அத்தனை பரிவர்த்தனையும் எல்லோரும் பார்க்கும் பேரேட்டில் கிடக்கிறது. பெயர் இருக்காது, சரி. ஆனால் அடையாள அட்டை கொடுத்து ஒரு முறை பணமாக்கினால் போதும், முகவரியோடு பெயரும் ஒட்டிக்கொள்ளும். பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் 2016-இல் திருடுபோனவற்றில் 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை அமெரிக்க அதிகாரிகள் 2022-இல் கைப்பற்றினார்கள். ஆறு வருடத்தில் தடம் அழியவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: வாலட்டுக்குள் (பிட்காயினை வைத்திருக்கும் செயலி) காசு ஒன்றாகக் கலப்பதில்லை. 0.5 பிட்காயின் என்று காட்டினாலும் உள்ளே 0.3, 0.2 என வந்தது வந்தபடியே தனித்தனியாகத்தான் இருக்கும். பெரிய தொகை அனுப்பும்போது இரண்டும் சேர்ந்து போகும். இரண்டும் ஒரே ஆளுடையது என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். நல்ல காசோடு கறைபட்ட காசும் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொருவரிடமும் வாங்கப் புது முகவரி கொடுங்கள். சந்தேகமான காசைத் தொடாமல் தனியே விட்டுவையுங்கள்.

மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றையும் மறைக்கும். ரொக்கத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் பல எக்ஸ்சேஞ்சுகள் அதை நீக்கிவிட்டன. செலவை மறைத்து வைக்க நினைப்பவரெல்லாம் குற்றவாளி அல்ல. அந்த நீக்கம் எனக்கு வருத்தம்தான்.

வந்தவரிடம் வேலைக்கான பில்லும் மின்னஞ்சல்களும் பத்திரமாக இருந்தன. அவற்றை அனுப்பியும், கணக்கு திறக்க ஐந்து வாரம் ஆனது.