கான்ஃபிடென்ஷியாலிட்டி: இரகசியமா, மறைகாப்பா?

மனநல ஆலோசனைக்கு வருபவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் ஒன்றை ஒருமுறை தமிழில் எழுதிக் கொடுத்தேன். நான்காவது வரி இப்படி இருந்தது: ‘தாங்கள் பகிரும் விவரங்களின் இரகசியத்தன்மை பேணப்படும்.’ சாதாரணமாகப் படிப்பவருக்குப் புரிகிறதா என்று பார்க்க ஓர் அம்மாவிடம் கொடுத்தோம். அந்த வரியில் விரலை வைத்தவர் நகரவேயில்லை. “ரகசியமா? நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே தம்பி, தூக்கம் வரலைன்னுதானே வந்தேன்?”

தப்பு அவர் மேல் இல்லை, நான் போட்ட சொல் மேல். வடமொழியில் ‘ரஹஸ்’ என்றால் தனிமை, ஆள் இல்லாத இடம். அதிலிருந்து வந்த இரகசியத்துக்குப் பிறப்பிலேயே ஒரு களங்கமும் கிடையாது. ஆனால் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிறவருக்கு அது போலீசுக்குக் கிடைத்த ரகசியத் தகவல், ரகசியக் கேமரா, ரகசியத் திருமணம். எல்லாமே ஏதோ ஒளித்த சங்கதி. சிதம்பர ரகசியம் மட்டும்தான் மரியாதையோடு தப்பித்தது. அங்கேயும் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வமாலையும் வெற்றிடமும்தான்.

நான் இப்படித் தமிழாக்கிய ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஒளித்தல் என்ற கருத்தே கிடையாது. லத்தீனில் ‘ஃபிதெரே’ என்றால் நம்புதல். முன்னால் ‘கோன்’ சேர்ந்தால் முழுக்க நம்புதல். நாம் தன்னம்பிக்கை என்ற பொருளில் தினமும் சொல்லும் ‘கான்ஃபிடென்ஸ்’ இதன் உடன்பிறப்பு. ஹைஃபை ஸ்பீக்கரின் ‘ஃபை’யும் இதே குடும்பம்தான்: மூல ஒலிக்கு உண்மையாக இருப்பது. ஆக, கான்ஃபிடென்ஷியாலிட்டி என்பது சொன்ன விஷயத்தின் தன்மையே அல்ல. நம்பிச் சொன்னவருக்குக் கேட்டவர் பட்டிருக்கும் கடமை. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்பதில் என்ன இரகசியம் இருக்கிறது? ஆனாலும் அதை அவரைக் கேட்காமல் வெளியே சொல்ல உளவியலாளருக்கு உரிமை இல்லை.

இதனால்தான் ‘இரகசியத்தன்மை’ எனக்கு உறுத்துகிறது. ஆங்கில விகுதிக்குப் பதிலாக ஒரு ‘தன்மை’யை ஒட்டவைத்த சொல் அது. இலங்கையில் ‘இரகசியம் பேணல்’ என்று எழுதுவார்கள். பேணல் என்ற வினை இருப்பதால், அதைச் செய்ய ஓர் ஆள் இருக்கிறார் என்றாவது தெரிகிறது. ‘அந்தரங்கம்’, ‘தனியுரிமை’ என்பவை வேறு கணக்கு. அவை பேசுபவருக்குச் சொந்தமான உரிமைகள்; நான் தேடியது கேட்பவரின் பொறுப்பைச் சொல்லும் பெயர்.

என் வாக்கு ‘மறைகாப்பு’க்கு. வேதத்தை மறை என்கிறோம், ஆனால் இரகசியம் என்ற பொருளும் அதற்குப் பழையதுதான். கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கயவரை வள்ளுவர் ‘அறைபறை அன்னர்’ என்கிறார் (குறள் 1076). அடித்தால் ஊரெல்லாம் கேட்கும் பறை. அங்கே கேட்டவன்தான் குற்றவாளி, சொன்னவன் அல்ல. ‘காப்பு’ம் நமக்குப் புதிதல்ல: அமைச்சர்கள் பதவியேற்கும்போது இரகசியக் காப்புப் பிரமாணம் எடுப்பதை டிவியில் பார்த்திருக்கிறோம்.

சரி, இந்தக் காப்புக்கு எல்லை உண்டா? உண்டு. 1969-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், இந்தியாவிலிருந்து படிக்கப் போயிருந்த மாணவர் ஒருவர், தன் காதலை ஏற்காத டட்டியானா தாராசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ வீட்டாரிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில் 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பிறருக்கு ஆபத்து தொடங்கும் இடத்தில் மறைகாப்பு முடிந்துவிடுகிறது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 23-ஆம் பிரிவில் மறைகாப்பை நோயாளியின் உரிமையாகவே வைக்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காப்பது, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகளும் அங்கேயே இருக்கின்றன. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆகவேண்டும், அதை மறைத்தால்தான் குற்றம். இந்த விலக்குகளை முதல் நாளே வாயால் சொல்லிவிட வேண்டும். பாதி உண்மை வெளியே வந்தபிறகு ‘இதை நான் சொல்லியாக வேண்டும்’ என்பது நம்ப வைத்துக் கழுத்தறுப்பதற்குச் சமம்.

நம் ஊரில் அன்றாடச் சிக்கல் கொலைமிரட்டல் அல்ல, கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் அம்மா. பையனுக்கு இருபத்துநாலு வயது. அவன் பாத்ரூம் போன இடைவெளியில் அம்மா உள்ளே எட்டிப் பார்க்கிறார்: “மேடம், என்ன சொன்னான்? யாராவது பொண்ணு விஷயமா?” காசு கொடுப்பவர் அவர், கவலைப்படுபவரும் அவர். ‘சொல்லக்கூடாதும்மா’ என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அன்றிரவே வீட்டில் விசாரணை நடக்கும். ‘ஒண்ணுமில்லைம்மா’ என்பதும் ஒரு தகவல்தான். அனுபவசாலிகள் இந்தக் கேள்வி வரும்வரை காத்திருப்பதில்லை. முதல் சந்திப்பிலேயே இருவரையும் உட்காரவைத்து, எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது என்று பையனின் வாயாலேயே சொல்ல வைத்துவிடுகிறார்கள்.

என் சொல்லுக்கும் ஒரு வம்பு வந்தது. ‘மறைகாப்பு’ என்று திருத்திய படிவத்தைப் பார்த்த நண்பர் சிரித்தார்: “மரை கழண்ட கேஸுக்கு மறைகாப்பா?” திருகாணி மரைக்கு இடையின ரகரம், இதற்கு வல்லின றகரம், எழுதினால் வேறு, காதில் விழும்போது ஒன்றேதான். மனநலம் தேடி வருபவர் காதில் அது விழுந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதனால் தலைப்பிலும் சட்ட விளக்கத்திலும் மறைகாப்பை விட்டுவைத்து, நான்காவது வரியை மட்டும் மாற்றினேன்: ‘நீங்கள் இங்கே பேசுவதை உங்களைக் கேட்காமல் யாரிடமும் சொல்லமாட்டோம். உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் சொல்ல வேண்டிவரும். அவை கீழே உள்ளன.’

அந்த அம்மா மறுபடி படித்தார். “எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டாலுமா?” என்றார். ஆமாம் என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டார்.