சுற்றுக்கு நான்கு ‘குப்’: மாடல் நீராவி எஞ்சினின் சத்தமும் புகையும்

சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி புகைபோக்கி வழியே பீறிடும் சத்தம்தான் ‘குப்’. பிஸ்டனை இரு பக்கமிருந்தும் நீராவி மாறி மாறித் தள்ளும். சிலிண்டரோ இரண்டு. ஆகச் சக்கரம் ஒரு சுற்று வர நான்கு குப். மலிவான மாடல்களில் சக்கரம் ஒரு தாளம், ஸ்பீக்கர் வேறு தாளம்.

சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) இருந்த நாட்களின் நினைவுக்கு, ஒய்பி எனும் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினின் மாடலை 45 மி.மீ தண்டவாளத்தில் 1:22.5 அளவில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். 1372 மி.மீ இயக்கு சக்கரம் 61 மி.மீ ஆகிவிடும். நிஜ எஞ்சினின் மணிக்கு 20 கி.மீ வேகத்துக்கு ஈடாக மாடல் ஓடும்போது நொடிக்கு ஐந்து குப் வரவேண்டும். இதை ஊகித்து வைக்காமல் சக்கரத்திடமே கேட்பது நல்லது.

இயக்கு சக்கர அச்சில் ஒரு பிளாஸ்டிக் வட்டு. அதன் விளிம்பில் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு 3 மி.மீ நியோடிமியம் காந்தங்கள். எதிரே 2 மி.மீ இடைவெளியில் காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சார். எல்லாக் காந்தத்தின் தென்துருவமும் சென்சாரின் எழுத்துள்ள முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தால் அது பேசாது. சுற்றுக்கு மூன்றே குப் கேட்டு எஞ்சின் நொண்டுவது போலிருக்கும். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தாலும், அதன் வெளியீட்டை 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டோடுதான் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை இயக்கும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையின் உள்ளீட்டு முனை கெடலாம். சக்கரத்தில் கம்பி மாட்டியிருக்கும் முளை (கிராங்க் பின்) முன் கோடியை எட்டுவதற்குச் சற்று முன் முதல் குப் விழும்படி வட்டைத் திருப்பி ஒட்டுங்கள். நிஜ எஞ்சினிலும் வேலை முடித்த நீராவி அப்போதுதான் வெளியே திறந்துவிடப்படும்.

சத்தத்துக்கு எம்பி3 மாட்யூல் வேண்டாம். ஆணை கேட்டு அது வாய் திறப்பதற்குள் அடுத்த குப் வந்துவிடும். ஒலித்துண்டுகளைப் பலகையின் நினைவகத்திலேயே வைத்து மேக்ஸ்98357ஏ ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பலாம். 40 மி.மீ ஸ்பீக்கரை டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) காற்றுப் புகாத பெட்டியில் அடைக்க வேண்டும். திறந்து விட்டால் பின்பக்க அலை முன்பக்க அலையைத் தின்று, குப் ‘டிக்’ ஆகிவிடும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிடுங்கள். சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவும் முடியாது, முயன்றால் கரகரக்கும். இறக்கத்தில் குப்பே வேண்டாம்: அங்கே டிரைவர் நீராவியை மூடியிருப்பார், சக்கரங்களை இணைக்கும் கம்பிகளின் கடகடப்பு மட்டும் போதும்.

புகைக்கு 0.2 மி.மீ நிக்ரோம் (சூடேற்றும்) கம்பி 20 செ.மீ, சுமார் 7 ஓம். 6 வோல்ட்டில் 5 வாட் சூடு வரும். கண்ணாடி இழைத் திரியில் சுற்றி, மாடல் ரயிலுக்கென விற்கும் புகை எண்ணெய் ஊற்றலாம். சமையல் எண்ணெய் கருகிப் பிசினாகும். திரி உலர்ந்த பிறகும் மின்சாரம் போனால் கம்பி பழுத்து அறுந்துவிடும். ஊதுவதற்கு கோர்லெஸ் மோட்டாரில் (உடனே கிளம்பி நிற்கும் எடை குறைந்த மோட்டார்) பொருத்திய சின்ன இறக்கை நல்லது. கம்ப்யூட்டர் ஃபேன் ஒவ்வொரு குப்புக்கும் கிளம்பத் தயங்கும். குப் விழுந்ததும் 70 மில்லி நொடி ஓட்டி, உடனே மோட்டார் முனைகளைக் குறுக்கிணைத்துப் பிரேக் போட வேண்டும். பிரேக் இல்லையேல் தனித்தனி உருண்டைகள் ஒரே கோடாகிவிடும். நொடிக்கு எட்டு குப்புக்கு மேல் போனால் ஃபேன் சும்மா சுழலட்டும், நிஜத்திலும் அப்போது புகை கோடுதான்.

வெளிவருவது நீராவி அல்ல, எண்ணெய்த் துளிகள். நிஜ எஞ்சினின் வெள்ளைப் புகை, நீராவி குளிர்ந்து திரண்ட நீர்த்துளி. ஏற்காட்டுக் குளிர் போன்ற மார்கழிக் காலையில் அது நீளமாய்த் தொங்கும்; சேலத்தின் மே மாத வெயிலில் உடனே கரையும். எண்ணெய்த் துளி எந்த ஊரிலும் அப்படி உடனே கரையாது. கோடைக் காட்சி வேண்டுமானால் புகைக் கம்பியின் வோல்ட்டை 4.5-க்குக் குறைத்துவிடுங்கள். ஓட்டம் முடிந்ததும் தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். படிந்த எண்ணெய்ப் படலத்தில் சக்கரம் வழுக்கி, மின்சாரமும் தடைபட்டு, குப் குளறும்.