“இந்தப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுகள்

ஒன்றரை வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மா சளிக்குக் காட்டுவதற்காக அழைத்து வந்திருந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கச் சட்டையைத் தூக்கியபோது, கைகால்கள் ஒல்லியாக இருக்க, வயிறு மட்டும் தோல் மினுங்கும்படி உப்பியிருந்ததைப் பார்த்தேன். மலம் எப்படிப் போகிறான் என்று கேட்டேன். “அஞ்சாறு நாளைக்கு ஒரு தடவைதான் டாக்டர், அதுவும் வெற்றிலைக் காம்பு வெச்சாத்தான். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு முன்னாடி பார்த்த இடத்துல சொல்லிட்டாங்க” என்றார். பிறந்த பிறகு காட்டுப்பீ எப்போது போனான் என்று கேட்டதும் சற்று யோசித்து, “மூணாம் நாள்” என்றார்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய அனைவருமே அந்தக் கரும்பச்சை முதல் மலத்தை 48 மணி நேரத்துக்குள் கழித்துவிடுவார்கள். பெரும்பாலோர் முதல் நாளிலேயே கழித்துவிடுவார்கள். அதற்கு மேல் தாமதமானால் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். 1886ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த இந்த நோய், பொதுவாக 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரக்கூடியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் பல மடங்கு அதிகம். கருவில் குடலின் நரம்பணுக்கள் மேலிருந்து ஆசனவாயை நோக்கி இறங்கிவர வேண்டும். அவை பாதி வழியிலேயே நின்றுவிட்டால், நரம்பணு இல்லாத கீழ்ப்பகுதி தளர்ந்து வழிவிடத் தெரியாமல் இறுகியே கிடக்கும். அதற்கு மேலே மலம் தேங்கித் தேங்கிக் குடல் வீங்கும். மலக்குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி செய்தால் உறுதிப்படுத்தலாம். நரம்பணு இல்லாத பகுதியை அகற்றிவிட்டு, நல்ல குடலைக் கீழே இறக்கிப் பொருத்துவதே சிகிச்சை. அந்தப் பையனுக்கும் இந்த நோய்தான் இருந்தது. வயிற்று உப்புசம், காய்ச்சல், நாற்றத்துடன் பீச்சியடிக்கும் தண்ணீர் மலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் குடல் அழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். அது உயிருக்கே ஆபத்தானது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரக்கூடியது என்பதால், இவை தெரிந்த உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

“அப்படித்தான் இருக்கும்” என்ற சொல்லில் பாதி உண்மை இருப்பதுதான் அதன் ஆபத்து. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வரும் டவுன் சிண்ட்ரோமில் உடல் தசைகள் எல்லாமே தளர்வாக இருக்கும். வயிற்றுத் தசையில் முக்குவதற்கான வலு குறைவு; ஓடியாடுவதும் தாமதம். ஆகவே பல பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வருவது இயல்புதான். ஆனால் அந்த முடிவுக்கு, மற்றவற்றைத் தேடிப் பார்த்த பிறகுதான் வர வேண்டும். அவற்றில் முக்கியமானது தைராய்டு குறைபாடு. அதன் அடையாளங்களான மந்தம், உலர்ந்த தோல், மலச்சிக்கல் ஆகியவற்றையெல்லாம் சிண்ட்ரோமின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். பிறந்தவுடன், ஆறாவது மாதத்தில், ஒரு வயதில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை ‘இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு’ என்று கொண்டுவந்தார்கள். அடிவயிற்றின் இடப்பக்கம் தொட்டால் களிமண் உருண்டை போல மலம் கையில் தட்டுப்பட்டது. அதன் ஓரமாகக் கசிந்துவந்த நீர் மலத்தைத்தான் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகவும் உயர்ந்திருந்தது; அதாவது, தைராய்டு குறைபாடு.

பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலிலேயே அடைப்பு இருக்கலாம். எக்ஸ்-ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் அருகருகே தெரியும். இந்த அடைப்புடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள். “குடலேற்றம், வயிற்றை நீவி எடுத்துவிட்டால் சரியாகிவிடும்” என்று தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பாட்டிமாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடைபட்ட குடலை நீவுவதால் திறக்க முடியாது, நேரம்தான் போகும்.

பால் குடிக்கும்போதெல்லாம் இருமுவது, குடித்த பின் குரல் கரகரப்பது, அடிக்கடி நிமோனியா வருவது ஆகியவை இருந்தால், பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராமலே இறங்கும்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் இவர்களிடம் அதிகம். அரிசி உண்ணும் தமிழ்நாட்டில் இது அரிது. ஆனால் சப்பாத்தி, பிஸ்கட், கோதுமை கலந்த சத்துமாவு என்று வளரும் பிள்ளைக்கு எடை கூடாமல், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீராமல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக ‘இல்லை’ என்று வரக்கூடும்.

வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்த மலச்சிக்கலுக்கு வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாகவே அசையும் நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கால் தொங்காமல் ஒரு முக்காலி போடுங்கள். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் வேண்டாம். விளக்கெண்ணெய், சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு மூன்றையும் விட்டுவிடுங்கள். மருத்துவர் தரும் லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎதிலீன் கிளைகால் பவுடரோ பழக்கமாகிவிடும் என்று அஞ்சிப் பத்து நாளில் நிறுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வலியைச் சொல்லத் தெரியாது; கதவுக்குப் பின்னால் ஒளிந்து நுனிக்காலில் விறைத்து நிற்பதும், சோற்றைத் தட்டிவிடுவதும்தான் அவர்கள் சொல்லும் விதம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலோ அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். பேச்சு, நடைப் பயிற்சிக்காக அங்கே போகும்போது வயிற்றைப் பற்றியும் கேளுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது மூன்று வயது. அறுவை சிகிச்சைக்குப் பின் எடை கூடியிருக்கிறான். ஆனாலும் சில வாரங்களில் சிக்கல் வரத்தான் செய்கிறது. அவனுடைய அம்மா மாதக் காலண்டரில், மலம் கழித்த நாளுக்கெல்லாம் நீல மையில் புள்ளி வைத்துக் கொண்டுவருகிறார். போன மாதத்தில் மூன்று கட்டங்கள் தொடர்ந்து வெறுமையாக இருந்தன. ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது பவுடரை எடுத்துப்போக மறந்துவிட்டதாகச் சொன்னார். இந்த முறை அந்த மூன்று நாளைப் பற்றித்தான் பேசினோம்.