டாக்ஸி ஓட்டுபவரை எந்தப் பாலிசி காப்பாற்றும்?

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நான். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆப்பில் ஓடும் கார்கள் நிறைய என்னிடம் வருகின்றன. வொர்க்‌ஷாப்பில் ஓட்டுநர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், கிளைம் முழுசா வருமா?" என்பதுதான். வண்டிக்கு என்ன வரும் என்று கேட்கிறார்கள். தனக்கு என்ன வரும் என்று கேட்பவர் அபூர்வம். கையில் மாவுக்கட்டோடு வந்து நிற்பவர்கூட பம்பரைப் பற்றித்தான் விசாரிக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி விஷயம். சொந்தக் காருக்கான பாலிசியில் 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற தலைப்பில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். எந்தெந்த உபயோகத்துக்கு பாலிசி செல்லாது என்று சொல்லும் பத்தி அது. பந்தயம், வேகச் சோதனை என்று போகும் அந்த வரிசையில் முதலில் நிற்பது 'ஹயர் ஆர் ரிவார்ட்', அதாவது வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது. பெரிய ஆப்கள் டி போர்டு, அதாவது வாடகை வண்டியாகப் பதிவானதைக் கேட்கின்றன. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வரும் வெளியூர் டிரிப்பும், தெரிந்தவர் சொல்லி வரும் ஏர்போர்ட் டிராப்பும் ஓன் போர்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏன் ஓட்டுகிறார்கள் என்பது புரியாமல் இல்லை. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கான பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதே கார் டாக்ஸியானால் அடிப்படையே 7,940 ரூபாய். அதற்கு மேல் பயணி ஒருவருக்கு 978 ரூபாய். நான்கு பயணிக்குக் கணக்குப் போட்டால் 11,852 ஆகிறது, ஜிஎஸ்டி தனி. அப்புறம் பெர்மிட், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, வரி. வண்டிக்கு இ.எம்.ஐ. கட்டுகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஆனால் அந்த எட்டாயிரத்துச் சொச்சத்தை மிச்சம் பிடித்தவருக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டு தாண்டி, நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிய ஓன் போர்டு கார் ஒன்று. பானெட் மடங்கி, ரேடியேட்டர் உடைந்து, ஏர்பேக் இரண்டும் வெடித்திருந்தன. கிளைம் படிவத்தில் 'சொந்த வேலையாகச் சென்றபோது' என்று எழுதிக் கொடுத்திருந்தார் ஓனர். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தால், பின் சீட்டில் இருந்து அடிபட்டவர் வாடகை பேசி ஏறியதாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எதற்கு மறைக்க வேண்டும்? நான் பார்த்ததை அப்படியே அறிக்கையில் எழுதினேன். மறுப்புக் கடிதம் வந்தது. ரிப்பேர் செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது.

இப்படி மறுத்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த உபயோகப் பாலிசியில் இருந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது பறிகொடுத்த ஒருவருக்கு, கிளைம் தொகையில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2008-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நிதின் கண்டேல்வால் வழக்கு. 2010-இல் அமலேந்து சாஹு வழக்கிலும், வாடகைக்கு ஓடியது என்பதற்காக முழுக்கக் கைவிரிக்கக் கூடாது என்றது. எனவே மறுப்புக் கடிதம் வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் இழுத்தடிக்கும், வக்கீல் செலவு ஆகும், கிடைப்பதும் முழுத் தொகை இல்லை. படிவத்தில் பொய் எழுதியிருந்தால் நம் பக்கம் இன்னும் பலவீனமாகிவிடும். அதனால் என்ன நடந்ததோ அதையே எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இதைவிடப் பெரிய சுமை தேர்டு பார்ட்டி பக்கத்திலிருந்து வரும். ரோட்டில் போனவர் இறந்துவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியே கொடுக்கும்படி உத்தரவாகலாம். பெர்மிட் இல்லாமல் ஓடியது தெரிந்தால், கொடுத்த தொகையை ஓனரிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் அதே உத்தரவில் இடம் இருக்கும். கோர்ட் வட்டாரத்தில் 'பே அண்ட் ரெகவரி' என்பார்கள். பெர்மிட் இல்லாதது அடிப்படை மீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லட்சக் கணக்கில் போகும் தொகை. வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலைகூட வரும். ஓன் போர்டு காருக்கு தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் பயணிக்கே அதில் கவர் கிடையாது என்பது இன்னொரு பக்கம்.

டி போர்டு ஓட்டுபவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், 'மோட்டார் கேப்' (டாக்ஸி) என்று இருக்கும். ஆன்லைனில் விலை குறைவாகக் காட்டியதென்று சொந்தக் கார் பாலிசியைப் போட்டு வைத்திருப்பார்கள். பிரீமியம் கட்டுவதற்கு முன் ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, ஓட்டுபவர் விஷயத்துக்கு வருவோம். வண்டிப் பாலிசியில் 'ஓனர் டிரைவர்' தனிநபர் விபத்துக் கவர் என்று 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு பகுதி உண்டு. முன்பு காருக்கு இது 2 லட்சம்தான். போதாது என்று 2017-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான், 2018-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 15 லட்சமாக உயர்த்தியது. நல்ல கவர். ஆனால் பெயரைக் கவனியுங்கள். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு மட்டும்தான், அதுவும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான், இது பொருந்தும். லோன் வசதிக்காக மனைவி பெயரிலும் அண்ணன் பெயரிலும் கார் எடுத்து ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இறந்தால் இந்த 15 லட்சத்தில் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

ஓனரே ஓட்டினாலும், இறப்பு, கை கால் இழப்பு, கண் பார்வை போவது, நிரந்தர முழு ஊனம், இவற்றுக்கு மட்டும்தான் பணம். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தால் இதில் எதுவும் கிடையாது. இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். தவறு அவருடையதாகவே இருந்தால் தேர்டு பார்ட்டியிலும் அவருக்கு ஒன்றும் இல்லை. ஓட்டுநர்கள் வாழ்க்கையில் அடிக்கடி வருவது இந்த எலும்பு முறிவுதான். வண்டிப் பாலிசியில் அதற்கு இடமே இல்லை.

ஒருவர் வண்டியை இன்னொருவர் சம்பளத்துக்கு ஓட்டினால், ஓனர் 'ஐ.எம்.டி. 28' என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். டிரைவருக்கு ஓனர் சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டுக்கான கவர் அது. வருடத்துக்கு 50 ரூபாய். ஐம்பதே ரூபாய்! அதையும் விட்டுவிட்ட பாலிசிகளைப் பார்க்கும்போது மனது கொதிக்கிறது. தினக் கட்டண வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர் நிலை இன்னும் சிக்கல். 'இவர் சம்பளத்து ஆள் இல்லையே' என்று கம்பெனி வாதாட இடம் இருக்கிறது.

ஆப் நிறுவனங்கள் ஓட்டுநருக்குக் குறைந்தது 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் 10 லட்சத்துக்கு டேர்ம் ஆயுள் காப்பீடும் செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் ஆப் செய்திருக்கிறதா, பாலிசி நகல் எங்கே, டிரிப் ஓடும்போது மட்டுமா, ஆப்பை ஆன் செய்து காத்திருக்கும்போதும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னது கிளைம் நேரத்தில் நிற்காது.

எது எப்படி இருந்தாலும் உங்கள் சொந்தப் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுங்கள். யார் வண்டியை ஓட்டினாலும் அது உங்களோடு வரும். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் விலை மலிவாக விற்கும் பாலிசியை வாங்காதீர்கள். தொழில் என்ற இடத்தில் 'டிரைவர்' என்றே எழுதுங்கள். 'வியாபாரம்' என்று போட்டால் பிரீமியம் கொஞ்சம் குறையலாம், கிளைமின்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸோடு வாடகைக்கு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டதால், பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி) இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது. லைசென்ஸும் எஃப்.சி.யும் காலாவதியாகியிருந்தால் தகராறு வரும். கேஸ் கிட் போட்டிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றுங்கள்.

ஓன் போர்டை டி போர்டாக மாற்றும்போது பழைய பாலிசி தானாக மாறாது. ஆர்.சி. கைக்கு வந்ததும் நகலோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, வித்தியாசத் தொகையைக் கட்டி, மாற்றிய பாலிசியை வாங்கிய பிறகு முதல் டிரிப்பை எடுங்கள்.