முத்து காயும் வரை

காலையில் முதுகில் இரண்டு சிவப்புப் புள்ளி. கொசுக்கடி என்று விட்டுவிடுவோம். மாலைக்குள் ஒன்றில் நீர் கோத்து, வியர்வைத் துளி ஒட்டியதுபோல் பளபளக்கும். அப்புறம் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள்: பிள்ளைக்கு அம்மை. மருத்துவர் சொல்வது சின்னம்மை.

மறுநாள் குழந்தையின் வயிற்றில் உள்ளங்கையளவு இடத்தைப் பாருங்கள். புதுப் புள்ளி, நீர் கோத்த முத்து, காயத் தொடங்கிய பொருக்கு எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். சின்னம்மையைத் தரும் வாரிசெல்லா சோஸ்டர் வைரஸ் இரத்தம் வழியே தோலுக்கு அலை அலையாக வருவதால் முத்தும் தவணை தவணையாகத்தான் போடும். ஒழிந்துபோன பெரியம்மையில் ஓரிடத்துக் கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும்.

வைரஸ் நுழைந்து முத்து தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஆனால் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே காற்றில் பரவத் தொடங்கிவிடும். அண்ணனைத் தனி அறையில் படுக்கவைத்தும் இரண்டு வாரம் கழித்துத் தங்கைக்கு வருவது இதனால்தான். விருந்தாளியை வாசலோடு நிறுத்தும் வேலையை வேப்பிலை நன்றாகவே செய்கிறது. எல்லா முத்தும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கூடமும் வேண்டாம்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளிக்கவே கூடாது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆரோக்கியமான குழந்தையின் உடம்பு வைரஸைத் தானே அடக்கிவிடும். சீழும் தழும்பும் பெரும்பாலும் நகத்தின் வேலை. சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டி, வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிப்பாட்டி, தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுங்கள். அரிப்புக்குக் கேலமைன் லோஷன், காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம். ஐபுபுரோஃபெனும் வேண்டாம்.

மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டாலோ, முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ உடனே மருத்துவமனைதான். வீட்டில் பச்சிளங்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அவர்களுக்காக முதல் நாளே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

தடுப்பூசி உண்டு. மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகாஹாஷி 1970களில் உருவாக்கியது.

சரி, பொருக்கு உதிர்ந்தால் வைரஸ் போய்விட்டதா? இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் படுத்துக் கிடக்கும். அறுபது வயதில் பாட்டியின் இடுப்பில் ஒரு பக்கமாக எரிச்சலோடு கிளம்புகிறதே அக்கி, காவி குழைத்து எழுதச் சொல்லிக் குயவரிடம் போவார்களே, அது அவர் சிறுமியாக இருந்தபோது போட்ட அதே அம்மைதான்.